செல்லத்தாயின் கம்பெனி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை சேத்தூர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். ராஜபாளையத்தில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டிய வேலை. கைப்பேசியில் பழக்கமில்லாத எண் ஒன்று வந்தது. எடுத்தால், "மாமா, நான் முத்துமாரி பேசுறேன், ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து" என்று ஒரு பெண்குரல். அதற்குமேல் அந்தக் குரலால் பேச முடியவில்லை. செல்லத்தாயின் மகள் அந்த நேரத்தில் என்னைத் தேடி அழைக்க வேறு என்ன காரணம் இருக்க முடியும். "எப்பம்மா?" என்று மட்டும் கேட்டேன். "விடியவும் காப்பி போட எந்திரிச்சாக மாமா. அடுப்படியிலயே சாஞ்சுட்டாக" என்றாள். வந்த பஸ்ஸில் ஏறினேன். ராஜபாளையம் வந்ததும் பலரும் இறங்கினார்கள். நான் இறங்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை உட்கார்ந்தே போனேன்.

இதை நம் பழைய பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்காக எழுதுகிறேன். தறியில் நின்றவர்கள், பிளீச்சிங்கில் கை வெந்தவர்கள், ரோலிங் அறையில் துணி சுற்றியவர்கள் எல்லோருக்கும் செல்லத்தாயைத் தெரியும். தெரியாதவர்களுக்காகவும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தை ஒட்டிய நம் கம்பெனியில் காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்து, வெளுத்து, சுற்றி, பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினோம். நான் அங்கே ஆபீஸில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிற ஆள். செல்லத்தாய் பேக்கிங்கில் லேபிள் பார்க்கிறவர். பெட்டியின்மேல் ஒட்டியிருக்கிற ஆங்கில எழுத்து, எங்கள் ஆர்டர் தாளில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முத்திரை குத்துவது அவர் வேலை. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். "பால்கோவா எங்கே?" என்று கேட்கிறவர்களிடம் அன்று முழுக்கப் பேச மாட்டார்.

நான் ஆங்கிலம் தெரிந்தவன் என்று ஒரு பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயரைப் பரப்பியதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. ஒருநாள் செல்லத்தாய் தடியான ஆங்கில அகராதி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய பேப்பர் கடையில் எடுத்ததாம். முன் அட்டை கிடையாது, முதல் எழுத்தில் பாதிப் பக்கங்களும் கிடையாது. ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் ஏதோ இருக்கிறதே, அதில் 'எல்' என்று தனியாக நிற்கிற எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நான் அந்தப் பொடி எழுத்தை அதுவரை படித்ததே இல்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பேண்டேஜ் கம்பெனிக்காரன் புத்தி எங்கே போகும்? "எல்னா லார்ஜ்" என்றேன்.

நாலு நாள் கழித்து வந்தார். ஆபீஸில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. "சார், எல்னா லத்தீனாம். ஒவ்வொரு சொல்லும் எந்த பாஷையில இருந்து வந்துச்சுன்னு போட்டிருக்கான். பின்னாடி பட்டியலே இருக்கு. நாம ரெண்டு பேருமே பின்னாடி பாக்கல" என்றார். பார்க்காதவன் நான் ஒருவன்தான். அதில் தன்னையும் சேர்த்துக்கொண்டு சொன்ன அந்த 'நாம' இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு சொல்லாவது என் மேஜைக்கு வந்தது. காட்டன் என்பது அரபியிலிருந்து ஊர் ஊராகப் போன சொல் என்றார். பேண்டேஜுக்குள் கட்டுவது என்கிற வினை ஒளிந்திருக்கிறது என்றார். நாம் நெய்த 'காஸ்' என்கிற சல்லாத் துணிக்கு காஸா என்ற ஊரின் பெயர்தான் வந்தது என்று சிலர் சொல்கிறார்கள், ஆனால் உறுதி இல்லை என்றார். அந்தச் சொல்லுக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். உறுதியானவற்றுக்கு ஒரு டிக். லேபிளில் செய்கிற அதே வேலையை அகராதிக்கும் செய்துகொண்டிருந்தார். அந்த ஊரின் பெயர் அப்புறம் செய்தியில் அடிபட்டபோது, "நிச்சயமாவே அந்த ஊருதான்னு போட்டுரலாமே" என்று நான் உணர்ச்சிவசப்பட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மனசு கஷ்டப்படுதுங்கதுக்காக டிக் போட முடியுமா? தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொன்னா, அது லேபிள் மாத்தி ஒட்டுன மாதிரி" என்றார்.

எட்டாம் வகுப்போடு நின்றவர் என்று சொன்னால் நம்புவது கடினம். அதற்காக அவரை ஞானி ஆக்கிவிட எனக்கு விருப்பமில்லை. வாய் கொஞ்சம் நீளம்தான். என் கடிதத்தில் ஒரே வாக்கியத்தில் 'கைன்ட்லி' மூன்று தடவை வந்ததைப் படித்துவிட்டு, "இம்புட்டு கெஞ்சினா அவன் ஆர்டரக் குறைச்சுருவான் சார்" என்று பேக்கிங் ஹால் முழுக்கச் சிரிக்க வைத்தார். இல்லாத பக்கத்துச் சொல் எதையாவது கேட்டால், "ஏ-ல தொடங்குறதுக்கெல்லாம் நான் பொறுப்பு இல்ல" என்று முறைப்பார்.

அப்படித்தான் ஒருநாள் 'கம்பெனி' வந்தது.

நம் ஊர்ப்பக்கம் அந்தச் சொல்லை ஆங்கிலம் என்று யாரும் நினைப்பதில்லை. கம்பெனி பஸ், கம்பெனி சங்கு, கம்பெனி லீவு. செல்லத்தாய் அதை என்னிடம் ஒரு கேள்வியாகக் கொண்டுவந்தார். "கம்பெனினா என்ன சார்?"

"முதலாளி வச்சிருக்கது."

"அது பொறவு வந்த அர்த்தம். வேரப் பாத்தா, காம்-னா கூட, பானிஸ்-னா ரொட்டி. ரெண்டும் லத்தீன். கூட உக்காந்து ரொட்டி திங்கிறவன் கம்பானியன். அப்படித் திங்கிற கூட்டம் கம்பெனி. டீக்கடையில 'வாய்யா, ஒரு கம்பெனி குடு'ன்னு கூப்பிடுறாகள்ல, அந்தக் கம்பெனிதான் மூத்தது. போர்டுல எழுதியிருக்கது இளையது."

நான் ரசித்துத் தலையாட்டினேன். அவர் புத்தகத்தை மூடவில்லை. "அப்படிப் பாத்தா நம்ம காம்பவுண்டுக்குள்ள ஒரு கம்பெனி இல்ல சார், ஆறு இருக்கு" என்று விரலை மடக்கினார். ஆபீஸ்காரர்களுக்கு ஃபேன் அடியில் மேஜை. மேஸ்திரிகளுக்குக் கேட் பக்கம். தறிக்காரர்களில் இந்தத் தெருவினர் வேப்பமரத்தடி, அந்தத் தெருவினர் சைக்கிள் ஷெட். ரோலிங் பெண்களுக்கு அவர்கள் அறைக்குள்ளேயே. ஐந்து விரல் மடங்கிற்று. "ஆறாவது, ஸ்டோருக்குப் பின்னாடி. நான் மட்டும். அது ஒரு தனிக் கம்பெனி. நானே முதலாளி, நானே லேபர்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் ஏன் தனியாகச் சாப்பிட்டார் என்பதை உங்களில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். காரணம் சாதி. கம்பெனியில் அப்படி ஒரு சட்டமும் கிடையாது, யாரும் அவரை எழுந்து போ என்று சொன்னதும் கிடையாது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரோலிங் அறையில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாராம். பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார்களாம். மறுநாள் முதல் அவர் ஸ்டோருக்குப் பின்னால் போய்விட்டார். சேத்தூரில் நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்த நான், ஃபேன் அடியில் உட்கார்ந்து சாப்பிட்ட பல வருடங்களில் இதை ஒருமுறைகூட ஒரு விஷயமாக நினைத்ததில்லை. அதுதான் உண்மை.

அன்று அகராதியில் 'கம்பெனி' என்ற சொல்லைப் பார்த்தேன். பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். "இது உறுதின்னுதான சொன்னீங்க, பின்ன என்ன கேள்விக்குறி?" என்றேன். "வேருக்குப் போடல சார், அது சரியாத்தான் இருக்கு. நம்ம கம்பெனிக்குப் போட்டது" என்று சொல்லிவிட்டு லேபிள் பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குறி என்னைச் சும்மா விடவில்லை. பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்திருந்த என் அண்ணனிடம் வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன். "பட்டாளத்துல கம்பெனினா அதான்டா. ஒரே லங்கர், ஒரே சமையக்கட்டு. என்ன தெருன்னு கேட்டா முட்டியப் பேத்துருவான்" என்றார். அப்படியானால் லீவில் வந்தபோது மட்டும் ஊரில் ஏன் அப்படி இல்லை என்று கேட்டேன். "அது பட்டாளம். இது ஊரு" என்றார். அவருக்கும் வெட்கமாக இல்லை, எனக்கும் இல்லை. அன்றைக்கு அதோடு விட்டுவிட்டேன்.

வெட்கப்படுவதற்கு ஒரு ஐப்பசி மாதம் வரவேண்டியிருந்தது. மழை பிடித்துக்கொண்டிருந்த நாள். மறுநாள் காலை லாரி ஏற வேண்டிய பெட்டிகள் ஹால் முழுக்க அடுக்கியிருந்தன. மத்தியானம் ஆகப்போகிற நேரத்தில் செல்லத்தாய் ஒரு லேபிளோடு என் மேஜைக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "சார், ஆர்டர்ல 'நான் ஸ்டெரைல்'னு இருக்கு. நீங்க பிரிண்டருக்கு அனுப்புன வாசகத்துல 'ஸ்டெரைல்'னு இருக்கு."

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஸ்டெரைல் என்று போட்டிருந்தால் அந்தத் துணி கிருமி நீக்கியது, உறையைப் பிரித்து நேரே திறந்த காயத்தில் வைக்கலாம் என்று பொருள். நாங்கள் அனுப்பவிருந்தது அப்படிப்பட்ட துணி அல்ல. அதை வாங்குகிற இடத்தில் கொதிக்கவைத்து எடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும். நான் முந்தின ஆர்டரின் வாசகத்தை அப்படியே எடுத்து அனுப்பியிருந்தேன். அந்தப் பெட்டிகள் போயிருந்தால், எங்கோ முகம் தெரியாத ஒருவரின் புண்ணில் என் சோம்பேறித்தனம் போய் உட்கார்ந்திருக்கும். என் வேலை போவது அதற்குப் பிறகு வரும் சின்ன விஷயம்.

"மேனேஜருக்குத் தெரியுமா?" என்றேன்.

"நான் சொல்லல. நீங்களே போய்ச் சொல்லிருங்க. நான் சொன்னா புகாராப் போயிரும். நீங்க சொன்னா அது ஒரு வேலையாப் போயிரும்" என்றார்.

போய்ச் சொன்னேன். மேனேஜர் கத்தினார். கத்தி முடித்துவிட்டு, சாயங்காலத்துக்குள் அத்தனை லேபிளையும் கிழித்துப் புதிது ஒட்டினால் முதலாளி காதுக்குப் போகாது என்றார். பிரிண்டரிடம் ஓடி, புது லேபிள் வாங்கி வந்தேன். ரோலிங் பெண்களில் நான்கு பேரை செல்லத்தாயே கூப்பிட்டுக்கொண்டார். சாப்பாட்டு மணி அடித்தபோது யாரும் எழவில்லை. கை முழுக்கப் பசை, தரை முழுக்கக் கிழிந்த காகிதம். பாதி முடிந்தபோது மணி மூன்று இருக்கும். "செத்த நேரம் வயித்தக் கவனிச்சுட்டு வாரோம்" என்று அந்த நான்கு பேரும் தங்கள் அறைக்குப் போனார்கள். ஹாலில் நானும் செல்லத்தாயும் மட்டும்.

வெளியே மழை. ஸ்டோருக்குப் பின்னால் அவர் உட்காருகிற இடத்தில் தண்ணீர் நின்றது. நான் டிபன் பாக்ஸை அங்கேயே எடுத்துவரச் சொல்லி, ஒரு பெட்டிமேல் வைத்திருந்தேன். அவரும் தூக்கை எடுத்தார். திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் டிபன் பாக்ஸின் மூடிமேல் கையை வைத்தபடி அசையாமல் இருந்தேன். திறக்கவும் மனமில்லை, எழுந்து போகவும் மனமில்லை. அந்தக் கையைப் பார்த்துவிட்டு அவரே எனக்கு ஒரு வழி செய்து கொடுத்தார். "நீங்க சாப்பிடுங்க சார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்" என்று சொல்லி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

சில மணி நேரத்துக்கு முன் என் வேலையையும் என் பெயரையும் காப்பாற்றிக் கொடுத்த பெண், என் கூச்சத்துக்காகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தொண்டையில் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் இறங்கியது. பசி. முழுவதையும் சாப்பிட்டேன். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். இன்றுவரை என்னால் மறக்க முடியாத வெட்கம் அதுதான்.

மறுநாள் லாரி போய்விட்டது. மத்தியான மணி அடித்ததும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் போனேன். ஈரம் காயாத தரையில் ஒரு சாக்கை விரித்து அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஏதோ லேபிள் தகராறு என்று எழப் போனார். "வேலை ஒண்ணும் இல்ல. சாப்பிட வந்தேன்" என்றேன்.

செல்லத்தாய் உடனே இடம் கொடுக்கவில்லை. நான் எதிர்பார்த்தது போல அவர் கண் கலங்கவும் இல்லை. திரும்ப உட்கார்ந்துவிட்டுச் சொன்னார்: "ஒரு நாளைக்கு வந்துட்டுப் போறதா இருந்தா வேண்டாம் சார். நேத்து நடந்ததுக்கு நன்றினு வச்சுக்கிட்டு, நாளைக்கு நீங்க ஃபேனுக்கடியில போய் உக்காந்தா, எனக்கு இந்த எடம் இன்னும் பெருசாத் தெரியும். நாளைக்கும் வாரதா இருந்தா உக்காருங்க."

நின்றேன். உண்மையாகவே யோசித்தேன். ஒரு நாள் என்றால் அதை உதவி என்று சொல்லிக்கொள்ளலாம், பெருந்தன்மை என்றுகூட நானே நினைத்துக்கொள்ளலாம். நாளைக்கும் என்றால் ஆபீஸ்காரர்கள் இருக்கிறார்கள், ஊர் இருக்கிறது, வீடு இருக்கிறது. "ஒரேயடியாச் சொல்ல முடியல. ஆனா நாளைக்கு வருவேன்" என்றேன். "அது போதும். நாளைக்கு வந்து அதுக்கு மறுநாளப் பத்திச் சொல்லுங்க" என்று சாக்கின் பாதியை என் பக்கம் தள்ளினார். புளிச்சோறும் சுட்ட கருவாடும் வைத்திருந்தார். என்னிடம் கத்திரிக்காய்க் கூட்டு. அன்றைக்கு யாரும் யாருக்கும் எதுவும் பரிமாறிக்கொள்ளவில்லை. அவரவர் சாப்பாட்டை அவரவர் சாப்பிட்டோம்.

மறுநாள் போனபோது, "வாங்கண்ணே" என்றார். சார் என்ற சொல் அதன்பிறகு எனக்கு அவரிடமிருந்து வரவே இல்லை.

வீட்டுக்குச் செய்தி என்னை முந்திக்கொண்டு போயிருந்தது. என் மனைவி பேச்சியம்மாள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் டிபன் பாக்ஸை மட்டும் மற்ற பாத்திரங்களோடு சேர்க்காமல் கிணற்றடியில் தனியாகக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். ஆபீஸில் என் நாற்காலி அப்படியே இருந்தது. மேஜையில் ஊறுகாய் சுற்றி வருவது மட்டும் நின்றுபோனது. இதைச் செல்லத்தாயிடம் ஒருநாள் மனம் பொறுக்காமல் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, ஒரு மாசத்துக்கே இம்புட்டு வருத்தமா? எனக்கு வேலையில சேந்ததுல இருந்தே ஊறுகாய் வரல" என்றார். அதற்குப் பிறகு என் தியாகத்தைப் பற்றி நான் அவரிடம் பேசியதில்லை.

ஒரு புரட்டாசிக்கு அவர் திருவண்ணாமலைப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வந்தார். நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைக்கோவில்தான். வரும்போது ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் மாவடு ஊறுகாய் போட்டுக் கொண்டுவந்தார். "வீட்டுல அண்ணிக்கு. வேண்டாம்னா தூரப் போட்டுட்டு டப்பாவ மட்டும் குடுத்துருங்க" என்றார். பேச்சியம்மாள் டப்பாவை மூன்று நாள் அடுப்படித் திட்டில் அப்படியே வைத்திருந்தாள். நாலாம் நாள் என் தட்டில் அந்த மாவடு இருந்தது, அவள் தட்டிலும் இருந்தது. "உப்பு செத்த கூட. ஆனா நல்லாத்தான் போட்டிருக்காக" என்றாள். டப்பாவை வெறுமனே அனுப்பாமல் அதிரசம் வைத்து அனுப்பினாள். அன்றைக்கு என் டிபன் பாக்ஸும் மற்ற பாத்திரங்களோடு சேர்ந்தே கழுவப்பட்டது.

அந்த டப்பா பல வருடம் சேத்தூருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஓடியது. ஒரு பக்கமும் வெறுமையாக வந்ததில்லை. ஆனால் அந்த இரண்டு பெண்களும் கடைசிவரை ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கவே இல்லை. பாத்திரம் வழியாகவே பழகினார்கள். கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று இருவருமே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத்தான் இன்றைக்கு நாளைக்கு என்று போய்விட்டது.

ஸ்டோருக்குப் பின்னால் வந்தவர்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். முதலில் ரோலிங்கிலிருந்து ராமலட்சுமியம்மா வந்தார், அன்று லேபிள் கிழித்த நால்வரில் ஒருவர். "எங்க ரூம்ல ஒரே புழுக்கம்" என்று ஒரு காரணம் வைத்துக்கொண்டு வந்தார். செல்லத்தாய் அவரிடமும் அதே நிபந்தனையைத்தான் சொன்னார். பிறகு ஒரு ஃபிட்டர், சைக்கிள் ஷெட்டிலிருந்து இரண்டு பேர். மொத்தம் ஆறு பேர், அதற்குமேல் சேரவே இல்லை. கம்பெனி முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது என்று அவருக்கு வைத்த இரங்கல் கூட்டத்தில் யாரோ பேசினார்களாம். அது லேபிள் மாற்றி ஒட்டிய பேச்சு. செல்லத்தாய் இருந்திருந்தால் முத்திரை குத்தியிருக்க மாட்டார். மேனேஜர் ஒருநாளும் வரவில்லை, வேப்பமரத்தடி அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்த ஆறு பேரில் மீதி ஐந்து பேரும் இன்றும் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவர் போய் நிற்கிறோம். "பங்காளி சொத்தப் பிரிச்சுக்கிடுதவன், கம்பெனி சோத்தப் பிரிச்சுக்கிடுதவன். நமக்கு ரெண்டாவதுதான் வாய்ச்சிருக்கு" என்று அவர் சொல்வார்.

அகராதியை அடிக்கடி என் மேஜைக்குக் கொண்டுவருவதும் அந்தச் சமயத்தில் குறைந்துவிட்டது. சாப்பிடும்போதே சொற்களைச் சொல்லிவிடுவார். 'கம்பெனி' இருந்த அந்தப் பக்கத்தை மறுபடி நான் பார்க்க வாய்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்தது. அந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால், முத்துமாரியைக் கட்டிக்கொடுத்த கான்சாபுரத்திலிருந்து சம்பந்தி வீட்டார் சோறு கொண்டுவந்தார்கள். நான் வாசலில் நாற்காலியில் இருந்தேன். முத்துமாரி அழுது வீங்கிய முகத்தோடு வந்து, "மாமா, நீங்க..." என்று இழுத்தாள். அம்மாவுக்கு இருந்த தைரியம் பிள்ளைக்கு இன்னும் வரவில்லை. நான் எழுந்து உள்ளே போய், பந்தியின் கடைசியில் உட்கார்ந்தேன். இலை போட்டார்கள்.

மூன்றாம் நாள் பால் ஊற்றும் சடங்குக்குப் போனபோது அவள் அந்த அகராதியை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தாள். "அம்மா எப்பவோ சொல்லிட்டாக மாமா, இது ஒங்களுக்குன்னு." பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ராஜபாளையம் தாண்டியபிறகுதான் பையைத் திறந்தேன். வேறு எந்தப் பக்கத்தையும் பார்க்கத் தோன்றவில்லை.

'கம்பெனி'க்குப் பக்கத்தில் இருந்த கேள்விக்குறி அழிக்கப்பட்டிருந்தது. ரப்பர் தேய்த்த இடத்தில் காகிதம் மெலிந்து, அதன் தடம் மட்டும் தெரிந்தது. அதன்மேல் ஒரு டிக். கீழே, லேபிள் தாளில் எழுதுவாரே அந்தப் பொடி எழுத்தில், பென்சிலால் இரண்டே சொல் எழுதியிருந்தார்: 'மறுநாளும் வந்தார்.'

முதல் நாள் நான் போனதை அவர் குறித்து வைக்கவில்லை. சரிபார்த்துப் போட்ட டிக் அது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களை எல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த இரண்டு சொல்லுக்கு ஈடு வராது. பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைச் சாத்தவா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து பேச்சியம்மாளிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, பென்சில் எழுத்தைப் படித்தாள். சொல்லின் கதையையும், சுவரைப் பார்த்து உட்கார்ந்த கதையையும் அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னேன். அவள் எழுந்து போய் அந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்தாள். கடைசி முறை எங்கள் வீட்டில் தங்கிவிட்ட டப்பா.

"நாந்தான் அவியள ஒரு நாளும் போய்ப் பாக்கல" என்றாள். "பதினாறு வரைக்கும் அந்த வீட்டுக்கு ஆள் வந்துக்கிட்டே இருக்கும். கான்சாபுரத்துக்காரவுக எத்தன நாளைக்குப் பொங்கிக் கொண்டாருவாக?"

"நாளைக்கு நான் போகத்தான் போறேன்" என்றேன்.

"நானும் வாரேன். எம்புட்டு அரிசி போட?"

பத்துப் பேருக்குப் போடு என்றேன். அவள் யோசித்துவிட்டு, "நம்ம ரெண்டு பேரும் அங்கதான சாப்பிடுவோம், பன்னெண்டாப் போடுதேன்" என்று சொல்லிவிட்டு அரிசிப் பானையைத் திறந்தாள்.